பயின்ற கரங்கள்

நுழையும்முன்

பிறர் துன்பம் கண்டு இரங்குவது நல்லுள்ளத்தின் இயல்பு. அவ்விரக்கம் துன்புறுவோருக்குப் பயன்படும் பணியாக மாறுவதற்குப் பயிற்சி வேண்டும். இளவயதில் சட்டத்தின் பிடிக்குள் சென்றுவிட்ட பிள்ளைகளைச் சந்திக்கச் செல்வோருக்கு இப்பயிற்சி இன்றியமையாதது. தொண்டினைக் கற்றுத் தேர்ந்து ஆற்றவேண்டிய பணியாகக் கண்டு, அதற்கெனச் சென்னையில் ஒரு கல்வி நிறுவனத்தையே தோற்றுவித்தவர் மேரி கிளப்வாலா ஜாதவ். அவர்தம் வாழ்வையும், அது மாணவத் தொண்டர்களுக்குக் காட்டும் வழியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பச்சை மண்ணும் சூளையும்

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த ஊர் விருத்தாசலம். முதுகுன்றம் என்னும் பழம்பெயரும் பழமலைநாதர் திருக்கோயிலும் அவ்வூரின் தொன்மைக்குச் சான்றுகள். பீங்கான் தொழில் அதற்கு இக்காலப் புகழைத் தேடித் தந்துள்ளது. அங்குள்ள தொழிற்கூடங்களில் பொம்மை உருவாகும் முறை காண்போரைச் சிந்திக்கச் செய்யும். கூழ்போலக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்புறத்தில் மண் படிந்து உருவம் கொள்ளும். அதனை எடுத்து நிழலில் உலர்த்தி, பின்னரே சூளையில் இடுவர்.

உலரும் நிலையில் இருக்கும் பொம்மையில் விரிசல் கண்டால் தொழிலாளர் வருந்துவதில்லை. அதனை நீரில் கரைத்து மீண்டும் உருவாக்கிவிடலாம். சூளையில் வெந்தபின் உடைந்த பொம்மையை எவ்வளவு நீரில் இட்டாலும் அது மண்ணாகாது. பச்சை மண்ணுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அதனைத் தொடும் ஒவ்வொரு விரலின் தடமும் அதில் பதிந்துவிடும். ஆகவேதான் தொழிலுக்குப் புதிதாக வருவோர், பொம்மையைச் செய்வதற்கு முன் அதைப் பிடிக்கக் கற்றுக்கொள்கின்றனர்.

தவறிழைத்த சிறாரை உலக நாடுகளின் சட்டங்கள் பெரியோரினின்று பிரித்துக் காண்பதற்கு அடிப்படை இதுவே. பதினெட்டு அகவை நிறையாத பிள்ளை இன்னும் வேகாத மண். அதன் வாழ்வைப் புதிதாக வனைய இயலும் என்பது அச்சட்டங்களின் நம்பிக்கை. மண்ணைத் தொடும் கைக்கே பயிற்சி வேண்டுமெனில், அத்தகைய பிள்ளையின் மனத்தைத் தொடச் செல்லும் மனிதருக்கு எத்துணைப் பயிற்சி வேண்டும்! இவ்வினாவுக்குத் தமிழ்நாட்டில் செயலால் விடை தந்தோருள் முன்னிற்பவர் மேரி கிளப்வாலா ஜாதவ்.

உதகையில் பிறந்தவர்

மேரி 1909ஆம் ஆண்டு உதகமண்டலத்தில் பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் ரஸ்தம் படேல், தாயார் அல்லாமாய். பள்ளிக் கல்வியைச் சென்னையில் பெற்றார். சென்னையில் பார்சியர் தொகை மிகச் சிறிது. எனினும் வணிகத்தாலும் ஈகையாலும் அந்நகரின் வரலாற்றில் அவர்கள் நிலையான இடம் பெற்றிருந்தனர். இராயபுரத்தில் 1910ஆம் ஆண்டு முதல் விளங்கிவரும் பார்சி அக்கினிக் கோயில், கிளப்வாலா என்னும் குடிப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அக்குடிப்பெயருடைய நோகி கிளப்வாலாவை மேரி தம் பதினெட்டாம் அகவையில் மணந்தார். 1930ஆம் ஆண்டு அவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது.

வளமான இல்லம், அன்பான கணவர், மழலை பேசும் மகன் என அமைந்த வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1935ஆம் ஆண்டு நோகி நோயுற்று மறைந்தார். இருபத்தாறு அகவை எய்தும் நிலையில் மேரி கைம்பெண்ணானார். கணவரை இழந்த பெண் வீட்டின் உள்ளறையில் ஒடுங்கியிருப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. மேரியோ தம் துயரத்துக்கு மருந்தாகப் பிறர் துயரைத் துடைக்கும் பணியைத் தேர்ந்தெடுத்தார். தம் முழுநேரத்தையும் அதற்கே அளித்தார்.

சேவை அமைப்பில்

சென்னையில் 1923ஆம் ஆண்டு கில்ட் ஆஃப் சர்வீஸ் என்னும் தொண்டமைப்புத் தொடங்கப்பட்டிருந்தது. சென்னைப் பேராயர் வாலரின் துணைவியார் அதனைத் தோற்றுவித்தவர். மேரி அவ்வமைப்பில் இணைந்து உழைத்தார்; காலப்போக்கில் அதனை வழிநடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஆதரவற்ற சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் இல்லங்கள், அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கெனப் பாலவிகார், பெண்கள் தம் காலில் நிற்பதற்கான பயிற்சிகள் என அவ்வமைப்பின் கிளைகள் பரவின. 1941ஆம் ஆண்டு அவரது தொண்டினைப் பாராட்டி அன்றைய ஆங்கில அரசு விருதளித்தது.

இரண்டாம் உலகப்போர் அவருடைய ஆற்றலுக்குப் பெருஞ்சோதனையாய் வந்தது. 1942ஆம் ஆண்டு, சப்பானியர் தாக்கக்கூடும் என்னும் அச்சத்தால் மக்கள் சென்னையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். நகரிலும் சுற்றுப்புறங்களிலும் இந்தியப் படைவீரர்கள் திரளாகத் தங்கியிருந்தனர். அவர்களுக்கு உற்ற வசதிகளோ பொழுதுபோக்கோ இல்லை. இக்குறையைக் கண்ட மேரி, இந்திய விருந்தோம்பல் குழுவை அமைத்தார். பல சமயங்களையும் சமூகங்களையும் சார்ந்த பெண்களை ஒன்றுதிரட்டினார். நடமாடும் சிற்றுண்டிச் சாலைகள் இயங்கின. காயமுற்ற வீரர்களைப் பெண்கள் மருத்துவமனைகளில் சென்று கண்டனர். வலியிலிருந்து வீரர்தம் மனத்தைத் திருப்பும் கைவேலைகளும் கற்பிக்கப்பட்டன. போர் முடிந்த பின்னரும் படைவீரர்களின் மறுவாழ்வுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் அக்குழு உதவியது. பர்மாப் போர்முனையில் வென்று திரும்பிய பதினான்காம் படையினர், நன்றியறிதலாகச் சப்பானிய வாள் ஒன்றை மேரிக்குப் பரிசளித்தனர்.

முன்பின் அறியாத ஒருவரின் படுக்கையருகே சென்று அமர்வது எளிதன்று. எதைப் பேசுவது, எதைப் பேசாதிருப்பது, எப்போது எழுவது என்பன அனைத்தும் அறியத்தக்கவை. நல்லெண்ணம் ஒருவரை வாயில்வரை அழைத்துச் செல்லும். உள்ளே சென்றபின் துணைநிற்பது பயிற்சியே. பெருந்திரளான தொண்டர்களை ஆண்டுக்கணக்கில் வழிநடத்திய மேரியின் அடுத்த பெரும்பணி, தொண்டினைக் கற்பிக்கும் கல்வி நிலையமாக அமைந்ததில் வியப்பில்லை.

மேரி என்னும் பெயருடைய மூவர்

தொண்டுக்குப் பயிற்சி வேண்டும் என்னும் கருத்து உலகில் மெல்ல மெல்ல உருப்பெற்றது. அவ்வரலாற்றில் மேரி என்னும் பெயருடைய மூவர் இடம்பெறுவது சுவையான ஒற்றுமை.

முதலாமவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சார்ந்த மேரி கார்ப்பெண்டர். சிறுவர்களைப் பெரியோருடன் சிறையில் அடைப்பது அவர்களை மேலும் கெடுக்கும் என்று வாதாடியவர். 1852ஆம் ஆண்டு கிங்ஸ்வுட் என்னுமிடத்தில் சிறுவர்க்கான சீர்திருத்தப் பள்ளியையும், 1854ஆம் ஆண்டு சிறுமியர்க்கெனத் தனிப்பள்ளியையும் நிறுவினார். 1866ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து சென்னை உள்ளிட்ட நகரங்களைக் கண்டார். சிறைகளையும் பள்ளிகளையும் பார்வையிட்டார். சீர்திருத்தப் பள்ளிகளுக்கான சட்டம் இந்தியாவில் 1876ஆம் ஆண்டு இயற்றப்பட்டது.

இரண்டாமவர் அமெரிக்காவின் மேரி ரிச்மண்ட். அங்கு வறியோர் இல்லங்களுக்கு நண்பரைப்போலச் சென்று உதவும் தன்னார்வலர் பலர் இருந்தனர். அவர்களுக்கு முறையான பயிற்சிப்பள்ளி வேண்டும் என 1897ஆம் ஆண்டு ரிச்மண்ட் வலியுறுத்தினார். மறு ஆண்டே நியூயார்க்கில் அத்தகைய பயிற்சி வகுப்புத் தொடங்கிற்று. ஒருவரின் இடர்ப்பாட்டை ஆராயும் முறைகளைத் தொகுத்து அவர் 1917ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், சமூகப்பணித் துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று. இந்தியாவில் இத்தகைய கல்வி 1936ஆம் ஆண்டு பம்பாயில் டாட்டா அறக்கட்டளையின் துணையால் தொடங்கியது.

மூன்றாமவரே மேரி கிளப்வாலா. 1952ஆம் ஆண்டு சென்னைச் சமூகப்பணிப் பள்ளியை அவர் தோற்றுவித்தார். எழும்பூர் காசா மேஜர் சாலையில் இன்றும் அக்கல்வி நிறுவனம் இயங்குகிறது. பொழுது கிடைத்தோர் செய்யும் அறச்செயல் என்று கருதப்பட்ட தொண்டு, தமிழ்நாட்டில் பாடத்திட்டமும் களப்பயிற்சியும் தேர்வும் உடைய கல்வித்துறையாக மலர்ந்தது.

களமே வகுப்பறை

சமூகப்பணிக் கல்வியின் உயிர்நாடி களப்பணி. மாணவர் வாரத்தின் சில நாள்கள் வகுப்பிலும் ஏனைய நாள்கள் மருத்துவமனை, குடியிருப்பு, குழந்தைகள் இல்லம், சிறார் இல்லம் போன்ற இடங்களிலும் பயில்வர். முதலில் அவர்கள் அவ்விடத்தின் நோக்கத்தையும் விதிகளையும் அறிவர், அடுத்து உற்றுநோக்குவர், அதன் பின்னரே பணியில் இறங்குவர். ஒவ்வொரு நாளும் கண்டதையும் பேசியதையும் பதிவேட்டில் எழுதுவர். வழிகாட்டும் ஆசிரியர் அதனைப் படித்து, மாணவரோடு தனியே அமர்ந்து ஆராய்வார். சினம், இரக்கம், அச்சம் ஆகிய தம் உணர்வுகள் பணியில் எங்கே குறுக்கிட்டன என்பதை மாணவர் அப்போது கண்டறிவர். பிறரைத் திருத்தச் செல்பவர் முதலில் தம்மை அறிய வேண்டும் என்பதே இப்பயிற்சியின் சாரம்.

களிமண் உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. மண் பேசாது, பிள்ளை பேசும். ஆகவே வனையும் கைக்கு இல்லாத ஒரு கடமை சமூகப்பணியாளருக்கு உண்டு. அதுவே செவிமடுத்தல். ஒருவரை அவர் இருக்கும் நிலையிலேயே ஏற்றல், தீர்ப்புக் கூறாதிருத்தல், நம்பிச் சொன்னதைக் காத்தல், அவரது விருப்பத்தை மதித்தல் ஆகியன சமூகப்பணியின் அடிப்படை நெறிகளாகப் போற்றப்படுகின்றன.

மாணவத் தொண்டரின் முன்பயிற்சி

பள்ளி, கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்டம் 1969ஆம் ஆண்டு, காந்தியடிகளின் நூற்றாண்டில் தொடங்கப்பெற்றது. இத்தகைய அமைப்புகளின் வழியாக மாணவர்கள் சிறார் இல்லங்களுக்குத் தொண்டாற்றச் செல்ல விரும்புவதுண்டு. அவ்வாறு செல்லும் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஓர் உண்மையை முதலில் உணர வேண்டும். அங்கிருக்கும் பிள்ளையும் அவரும் ஏறத்தாழ ஒரே அகவையினர். ஒருவர் வெளியிலிருந்து வருகிறார். மற்றவர் உள்ளே இருக்கிறார். வறுமை, சிதைந்த குடும்பம், இடைநின்ற கல்வி, தீய நட்பு எனப் பல காரணங்கள் அந்த வேறுபாட்டை உண்டாக்கியிருக்கலாம்.

கூர்நோக்கு இல்லம் என்பது, விசாரணை முடியும்வரை சிறாரைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் இடம். அங்கிருப்போர் தவறு செய்தனர் என்று இன்னும் முடிவாகவில்லை. இளைஞர் நீதிக் குழுமமே அதனை ஆராய்ந்து முடிவு செய்யும். ஆதலால், என்ன குற்றம் செய்தாய் என்னும் வினா அங்கு எழவே கூடாது. அவ்வினா பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தும். ஆர்வத்தால் கேட்டுப் பெற்ற விடை வெளியே பரவினால் விசாரணைக்கும் ஊறு நேரும்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொற்களையும் நெறிப்படுத்துகிறது என்பது மொழி பயிலும் மாணவர் கருதத்தக்கது. பிள்ளையைக் குற்றவாளி என்றோ கைதி என்றோ அழைப்பதில்லை. சட்டத்திற்கு முரண்பட்ட சிறார் என்பதே வழக்கு. இழிவுபடுத்தும் சொற்களைத் தவிர்த்தல் அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. பழைய பிழை வாழ்நாள் முழுதும் தொடராமல் புதிய தொடக்கம் பெறுதல் மற்றொன்று. ஒரு சொல் ஒருவர்மீது முத்திரையாய்ப் பதிந்துவிட்டால், அதனை அழிப்பது சூளையில் வெந்த கலத்தைக் கரைப்பதற்கு ஒப்பாகும்.

பெயர், முகவரி, பள்ளி, படம் என அச்சிறாரை அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்களில் வெளியிடுவதை அச்சட்டம் தடைசெய்கிறது. ஆகவே மாணவர் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுச் செல்வதே முறை. இல்லத்தினின்று திரும்பிய பின் நண்பர்களிடம் கதையாகச் சொல்வதும் தவறே. கடிதமோ பொருளோ அலுவலர் அறியாமல் கொண்டுசெல்லுதலும் கொண்டுவருதலும் கூடா. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாகவும், இல்லக் கண்காணிப்பாளரின் வழியாகவும் முன்னதாகவே இசைவு பெற வேண்டும்.

இவை அனைத்தினும் முதன்மையானது வாக்குறுதி. மீண்டும் வருவேன் என்று சொல்லிச் சென்றவருக்காக அப்பிள்ளை நாள்களை எண்ணிக் காத்திருக்கும். வராத நண்பர், அப்பிள்ளையைக் கைவிட்டோரின் வரிசையில் மேலும் ஒருவராகிறார். ஆதலால் இயலாததைச் சொல்லாதிருத்தலும், சொன்ன நாளில் தவறாது செல்லுதலும், இறுதி வருகையை முன்கூட்டியே தெரிவித்தலும் தொண்டரின் கடமைகள். ஒரு நாள் இனிப்பு வழங்கிப் படம் எடுத்துத் திரும்பும் திரளான கூட்டத்தைவிட, பல வாரங்கள் தவறாது சென்று சதுரங்கம் ஆடியோ, நூல் படித்துக் காட்டியோ, கணக்குக் கற்பித்தோ திரும்பும் இருவர் மிகுந்த நன்மை செய்வர். பேச விரும்பாத பிள்ளையின் அமைதியையும் மதித்து, அருகில் அமர்ந்திருப்பதும் தொண்டே.

புகழும் நிறைவும்

மேரி பின்னாளில், தம்மைப் போன்றே பொதுத்தொண்டில் நாட்டம் கொண்ட படைத்துறை அலுவலர் சந்திரகாந்த் ஜாதவை மணந்து மேரி கிளப்வாலா ஜாதவ் ஆனார். 1956ஆம் ஆண்டு சென்னை நகரின் ஷெரீப் என்னும் மதிப்புறு பதவியை வகித்தார். 1955இல் பத்மஸ்ரீ, 1968இல் பத்மபூஷண், 1975இல் பத்மவிபூஷண் ஆகிய விருதுகளை இந்திய அரசு அவருக்கு வழங்கியது. பத்மவிபூஷண் பெற்ற அதே 1975ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார்.

இன்று இளைஞர் நீதிக் குழுமத்தில் நடுவர் ஒருவரோடு சமூகப்பணியாளர் இருவரும் அமர்கின்றனர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும் என்பது சட்டத்தின் நெறி. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்யும் அவையில், சட்டம் கற்றவருக்கு இணையாக மனிதரைக் கற்றவருக்கும் இருக்கை உண்டு. அவ்விருக்கைக்கு உரிய தகுதியைக் கல்வியாலும் களப்பயிற்சியாலும் பெறலாம் என்று தமிழ்நாட்டில் வழிவகுத்த முன்னோடிகளுள் மேரி கிளப்வாலா ஜாதவ் குறிப்பிடத்தக்கவர். விருதுகளும் பரிசாக வந்த வாளும் அவர்தம் புகழைப் பேசும். அவர் நிறுவிய பள்ளியில் பயின்று, ஆண்டுதோறும் களம் நோக்கிச் செல்லும் மாணவர்களோ அவர்தம் பணியைத் தொடர்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொடங்கப்பட்டது. இந்திய மாகாணங்களுள் சிறாருக்கெனத் தனிச்சட்டம் முதலில் இயற்றியது சென்னை மாகாணமே, ஆண்டு 1920. அதனைத் தொடர்ந்து வங்காளம் 1922ஆம் ஆண்டிலும் பம்பாய் 1924ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்றின. நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம் 1986, 2000, 2015 ஆகிய ஆண்டுகளில் படிப்படியாகச் செம்மை பெற்றது. குழந்தைகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1989ஆம் ஆண்டு உருவானது. இந்தியா 1992ஆம் ஆண்டு அதனை ஏற்றது.

கற்பவை கற்றபின்

1. சிறார் இல்லம் ஒன்றுக்குத் தொண்டாற்றச் செல்லும் மாணவர் குழுவுக்கான பத்து நெறிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறுக.

2. ஒருவரை நிலையாக இழிவுபடுத்தும் சொற்களையும், அவற்றுக்கு மாற்றாக வழங்கத்தக்க சொற்களையும் தொகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் ஐந்து நிமிடம் பேச, மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் திரும்பக் கூறுக. கேட்பதில் நேர்ந்த இடர்ப்பாடுகளைப் பதிவு செய்க.